மாமரத்துக்கு மட்டுமா... பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் ஒட்டுக் கட்டலாம்! செங்கல்பட்டு முதல் நெம்மேலி வரை உப்புக் காற்றில் ஒரு பயணம்

தை மாதக் காலை நேரத்தில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் கிழக்கே போகிறவர்களுக்கு, நெல் வயல்களுக்கு இடையே ஆங்காங்கே வெள்ளிக் கோடுகள் கண்ணில் படும். தர்பூசணிக்குப் போட்ட மல்ச்சிங் ஷீட்தான் அது. மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் கறுப்பு. தடிமன் 25, 30 மைக்ரான்தான். தலைமுடியைவிட மெல்லிசு. இரவில் இறங்கிய பனி அதன்மேல் முத்து முத்தாக நிற்கும். கையால் லேசாகத் தட்டினால் போதும், அத்தனையும் உருண்டு ஓடிவிடும். ஒரு சொட்டுகூட ஷீட்டில் ஒட்டாது.

மண்ணை மூடும் ஷீட்டுக்கு இந்தக் குணம் நல்லதுதான். அதே பிளாஸ்டிக்கைப் பசுமைக்குடிலின் கூரையாகப் போட்டால் கதை மாறுகிறது. விடியற்காலையில் குடிலுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, கூரையின் உள்பக்கம் துளித்துளியாகத் தொங்கும். பிறகு வெள்ளரி, குடைமிளகாய் இலைகளின்மேல் சொட்டும். ஈர இலையில் பூஞ்சணம் ஏறும். குடில் வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. இதற்காகவே ஷீட் தயாரிக்கும்போது சோப்பு மாதிரியான ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அது இருக்கும்வரை துளி திரளாமல், தண்ணீர் பாய்போலப் பரவி ஓரமாக வழிந்துவிடும். ஆனால், கலந்தது கலந்ததுதான், ஒட்டியது இல்லை. நாள்பட நாள்படத் தண்ணீரோடு அதுவும் கழுவிப் போய்விடும். ஷீட் கிழியாமல் இருக்கும், சொட்டு மட்டும் திரும்ப வந்துவிடும்.

கழுவினாலும் போகாதபடி அந்தப் பொருளைப் பிளாஸ்டிக்கின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட முடியாதா? முடியும். அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரே ‘ஒட்டு’தான். மாங்கன்றில் செய்கிற அதே ஒட்டு. கத்திக்குப் பதில் கதிர்வீச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்தி இல்லாத ஒட்டு!

மா ஒட்டுக் கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்று வேர்ச்செடி. அதற்கு மண்ணைத் தாங்கும் திறன் உண்டு, வறட்சியைத் தாங்கும் திறன் உண்டு, பழத்தில்தான் ருசி இல்லை. அதன் தலையைச் சீவி, அந்த வெட்டுவாயில் நல்ல ரகத்தின் குச்சியைச் சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். காற்றுப் பட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும் என்பதால்தான் அந்த நாடா.

இப்போது அந்தப் பாலித்தீன் நாடாவையே வேர்ச்செடியாக வைத்துக்கொள்வோம். பாலித்தீன் என்பது கரியும் ஹைட்ரஜனும் கோத்த நீளமான சங்கிலிகளின் பின்னல். உறுதியானது, வளையும், மக்காது. தண்ணீரோடு மட்டும் உறவே கிடையாது. அதன்மேல் காமா கதிரோ, எலெக்ட்ரான் கற்றையோ பாய்ந்தால், சங்கிலியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹைட்ரஜன் தெறித்து விழுகிறது. விழுந்த இடம்தான் வெட்டுவாய். பிடித்துக்கொள்ள ஒரு துணை தேடித் துடிக்கிற இடம் அது. பக்கத்தில் அக்ரிலிக் அமிலம் மாதிரி ஒரு சின்ன மூலக்கூறு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த மூலக்கூறு இன்னொன்றைப் பிடிக்கும், அது மற்றொன்றை. இப்படிப் புதுச் சங்கிலி ஒன்று கிளைபோல வளர்ந்துவிடும். அடிச்சங்கிலி தண்ணீரை வெறுப்பது, கிளைச்சங்கிலி தண்ணீரை விரும்புவது. இரண்டும் ஒரே உடம்பு.

மா ஒட்டில் நெருக்கு ஒட்டு, மென்தண்டு ஒட்டு என்று வகைகள் இருப்பதுபோல இதிலும் உண்டு. ஃபிலிமைக் கரைசலில் மூழ்கவைத்து இரண்டையும் சேர்த்தே கதிருக்குக் காட்டுவது ஒரு முறை. ஃபிலிமுக்கு மட்டும் முதலில் கதிர் கொடுத்துவிட்டு, பிறகு கரைசலில் இறக்குவது இன்னொரு முறை. முதல் முறையில் ஒரு தொல்லை: கரைசலும் கதிரை வாங்குவதால், மூலக்கூறுகள் ஃபிலிமை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே கைகோத்துப் பசையாகிவிடும். வேர்ச்செடியில் ஒட்டாமல் குச்சி தனியாக முளைத்த மாதிரி. அதைத் தடுக்கக் கரைசலில் சிறிதளவு சேர்க்கும் பொருள்களைக் கேட்டால் விவசாயிகளுக்குச் சிரிப்பு வரும். ஒன்று, போர்டோ கலவைக்குப் போடும் மயில்துத்தம். மற்றொன்று, இரும்புச் சத்துக் குறைக்குத் தெளிக்கும் அன்னபேதியின் பங்காளியான ஓர் இரும்பு உப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் இங்கே ஆகாது. அதனால் கரைசலுக்குள் நைட்ரஜன் வாயுவை ஊதிக் காற்றை வெளியேற்றுகிறார்கள்.

ஒட்டுப் பிடித்ததா என்று பார்ப்பது தராசில். 100 கிராம் ஃபிலிம், நன்றாக அலசிக் காயவைத்த பிறகு 120 கிராம் இருந்தால் 20 சதவிகிதம் ஒட்டு. கதிர் கூடிப்போனாலும் ஆபத்துதான். பாலித்தீன் ஓரளவுக்குத் தாங்கும். அரிசிச் சிப்பத்துக்குப் பயன்படும் பாலிபுரோப்பிலீனும், தோசைக்கல் பூச்சான டெஃப்ளானும் நொறுங்கிப் போகும்.

இந்த வேலை நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தின் ஹார்வெல் அணு உலையில் பாலித்தீனுக்குக் கதிர் கொடுத்து, அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைவதை ஆர்தர் சார்லஸ்பி 1952-ல் காட்டினார். அந்தப் பத்தாண்டிலேயே பிரான்சில் அடால்ஃப் ஷாப்பிரோ குழுவினர் ஒட்டுச் சங்கிலிகளில் இறங்கிவிட்டார்கள். கைக்கடிகாரத்தில் இருக்கும் பொத்தான் பேட்டரிக்குள் இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய சவ்வாக, கதிர் கொடுத்து ஒட்டுக் கட்டிய பாலித்தீன் பல காலமாகவே பயன்பட்டு வருகிறது. அத்தனை சின்ன இடத்தில் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

கதிர் பட்ட பொருளில் கதிர் தங்குமா?

திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலையும் சங்குதீர்த்தக் குளத்தையும் தாண்டிப் போனால் சவுக்குத் தோப்புகள் தொடங்கும். காற்றில் உப்பு வாசம் வரும். சாலை சதுரங்கப்பட்டினத்தில் கடலைத் தொடுகிறது. டச்சுக்காரர்கள் வாயில் ‘சட்ராஸ்’ ஆன ஊர். மெல்லிய பருத்தித் துணியைக் கப்பல் ஏற்றுவதற்காக அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்து ஊர்தான் கல்பாக்கம்.

கல்பாக்கம் என்றதும் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் இந்தப் பகுதி மக்களுக்கு வேறு மாதிரிதான் கேட்கும். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து 40 ஆண்டுகளுக்கும் மேலாக, சந்தேகமும் வேலைவாய்ப்பும் கலந்த ஓர் உறவு சுற்றுவட்டார ஊர்களுக்கு உண்டு. ஆகவே, கதிர் கொடுத்த ஷீட் என்றதும் வருகிற முதல் கேள்வி, ‘அதை வயலில் போட்டால் நிலத்தில் கதிர்வீச்சு இறங்காதா?’ என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி.

இறங்காது. காரணம் எளிது. ஒட்டுக்குப் பயன்படும் காமா கதிர், கோபால்ட்-60 என்ற உலோகத்திலிருந்து வருகிறது. அந்த உலோகம் மூடிய எஃகுக் குழாய்க்குள்ளேயே இருக்கும், பொருளைத் தொடாது. கதிர் மட்டும் ஊடுருவிப் போகும். அணுவின் கருவையே மாற்றிக் கதிரியக்கப் பொருளாக்கும் அளவுக்கு அந்தக் கதிருக்குச் சக்தி கிடையாது. வெயிலில் காயவைத்த மிளகாய் இரவில் வெளிச்சம் தருவதில்லையே, அந்த மாதிரி. ஆஸ்பத்திரியில் போடும் ஊசிக் குழாய்கள் இப்படித்தான் கிருமி நீக்கப்படுகின்றன. மும்பை டிராம்பேயில் அதற்கான ‘ஐசோமெட்’ கூடம் 1974 முதல் இயங்குகிறது. அமெரிக்கா போகும் நம் மாம்பழம் 2007-லிருந்து காமா கதிர் வாங்கித்தான் போகிறது. மாம்பழத்துக்கு 0.4 கிலோகிரே, ஊசிக் குழாய்க்கு 25 கிலோகிரே. ஃபிலிம் ஒட்டுக்குப் பெரும்பாலும் சில கிலோகிரேயிலிருந்து சில பத்து கிலோகிரே வரை போதும்.

கவனிக்க வேண்டியது கதிரை இல்லை, ஒட்டாமல் மிஞ்சிய ரசாயனத்தை. அக்ரிலிக் அமிலம் தோலை அரிக்கக்கூடியது. ஃபிலிமை நன்றாக அலசாமல் விட்டால் தொல்லை அதில்தான் வரும். கோபால்ட் இருக்கும் கூடத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு வேறு விஷயம். தடித்த கான்கிரீட் சுவரும் கடுமையான விதிகளும் அங்கே கட்டாயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். ஒட்டுக் கட்ட மின்சார உலை தேவையில்லை. கோபால்ட் கூடமோ, எலெக்ட்ரானை வேகமாகப் பாய்ச்சும் இயந்திரமோ போதும். இந்தியாவில் இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிராம்பே வளாகத்தில்தான் நடந்திருக்கிறது. அப்படியானால் கல்பாக்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம்? கடல்தான்.

கொட்டலசோடு ஒரு மல்லுக்கட்டு!

உலையைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அதற்காகக் கடலுக்கு அடியில் 468 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீரோடு கொட்டலசும் மட்டியும் குஞ்சுகளாக உள்ளே வந்து, சுவரில் ஒட்டிக் குடித்தனம் நடத்தும். சில பருவங்களில் சொறிமீன் கூட்டம் வலைகளை அடைத்துக்கொள்ளும். படகின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுரண்டிக் கை சலித்த மீனவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகப் புரியும். குளோரின் விட்டுத்தான் கட்டுப்படுத்துகிறார்கள். இதற்கென்றே இங்கே ஆராய்ச்சிப் பிரிவும் இயங்குகிறது.

அதே வளாகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் செயல்விளக்க ஆலை இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. தினம் 63 லட்சம் லிட்டர் திறன். அதில் 45 லட்சம் லிட்டர், உலையிலிருந்து வரும் நீராவியின் சூட்டில் கடல்நீரைக் கொதிக்கவைத்துப் பிடிப்பது. மீதி 18 லட்சம் லிட்டர், ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்திப் பிழிவது.

அந்த ஆர்.ஓ. சவ்வும் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம்தான். உப்பை நிறுத்தும் மேல்தோல் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. பாலிஅமைடு என்ற பொருளால் ஆனது. அதற்குக் குளோரின் ஆகாது, பட்டால் அரித்துவிடும். கடல் உயிர்களைக் கொல்லக் குளோரின் வேண்டும். சவ்வைக் காப்பாற்ற, சவ்வுக்கு முன்னால் குளோரினை முழுக்க நீக்கவும் வேண்டும். குளோரின் நீங்கியதும் மிஞ்சிய நுண்ணுயிர்கள் சவ்வின்மேல் வழவழவென்று பாசியாகப் படர்ந்துவிடும். அழுத்தம் கூடும், கரன்ட் செலவு கூடும், கடைசியில் சவ்வைக் கழற்றி மாற்ற வேண்டும்.

ஒட்டுக்கு இங்கேதான் உண்மையான வேலை. தண்ணீரை விரும்பும் கிளைச்சங்கிலிகளைச் சவ்வின் மேல்தோலில் வளர்த்துவிட்டால், அவை தண்ணீரை இழுத்துப் பிடித்து ஓர் ஈரப்படலத்தை உண்டாக்கும். நுண்ணுயிருக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்காது. உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. பெரிய ஆலைகளில் ஓடுவது இன்னும் பழைய சவ்வுதான். மெல்லிய மேல்தோலில் கதிர் கொஞ்சம் கூடினாலும் உப்பு கசியத் தொடங்கிவிடும். எனவே, இது கைபழகிய ஒட்டுக்காரருக்கே தவறிப்போகும் வேலை.

உவர்க்கிணறுகளும் கடற்கரைக் கோயிலும்!

கல்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே 15 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். வழியெல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே இருக்கும் மணல்திட்டுதான் இந்த ஊர்களுக்கு நன்னீர்த் தொட்டி. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு ரொம்பக் கறாரானது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், உப்புநீர் கீழிருந்து 40 அடி ஏறிவிடும். மோட்டார் போட்டு இறைப்பதும் ரிசார்ட்டுகளுக்கு லாரியில் ஏற்றுவதும் பாலாற்று மணல் போனதும் சேர்ந்து, கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துவிட்டன. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வயலூரில் தடுப்பணை கட்டியதே, கடல் உள்ளே ஏறாமல் நிறுத்தத்தான்.

உப்பு யாரையும் விடுவதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள்ளேயே அது ஏறி, காயும்போது கல்லைப் பொரியவைக்கிறது. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிடுவார்கள். காயும் கூழ் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்ளும். கூழை உரித்து எறிந்துவிட்டு மறுபடியும் அப்புவார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது, பொறுமைதான் முதலீடு.

கிணற்றுக்கு அப்படிச் செய்ய முடியாது. பாசன நீரின் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி. அளவு 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிக்கல்தான். ஆர்.ஓ. வைக்கலாம் என்றால், வயலுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால், லேசான உவர்நீருக்கு மின்பகுப்புச் சவ்வு முறை ஒன்று இருக்கிறது. ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிழிந்து உப்பை நிறுத்துகிறோம். இதில் தலைகீழ்: மின்சாரத்தைக் கொண்டு உப்பை மட்டும் ஃபிலிம் வழியாக வெளியே இழுக்கிறோம். உப்பு குறைவாக இருந்தால் செலவும் குறையும். கடல்நீரைவிடக் கிணற்று நீருக்கே பொருத்தமானது. குஜராத் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சவ்வுகளில் நீண்ட அனுபவம் உள்ளது. அவர்களுடையது வேறு வழியில் செய்த சவ்வு. சாதாரணப் பாலித்தீன் ஃபிலிமில் கதிர் ஒட்டுப் போட்டும் அதே குணத்தைக் கொண்டுவரலாம். ஒரு ஃபிலிமில் சோடியத்தை விடும் கிளை, இன்னொன்றில் குளோரைடை விடும் கிளை. மலிவான வேர்ச்செடி, வேண்டிய குச்சி. கடற்கரை விவசாயிக்கு இந்தத் தொழில்நுட்பம் என்றாவது உதவுமென்றால், அது ஷீட்டில் இல்லை, இங்கேதான்.

நெம்மேலியில் போகும் தண்ணீர்!

இன்னும் வடக்கே, நெம்மேலி. 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் ஆலை, 2024-ல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை. இரண்டும் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகின்றன. எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், இரு மடங்கை நெருங்கும் உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கடலரிப்பு பற்றியும் இந்த உப்புக்கழிவு பற்றியும் பக்கத்துக் குப்பங்களின் மீனவர்கள் தொடர்ந்து புகார் சொல்லி வருகிறார்கள். தன் ஊர்க் கிணறு உவர்க்கும்போது, கண்ணெதிரே குழாயில் நன்னீர் நகரத்துக்குப் போவதைப் பார்க்கும் மனநிலையை எந்தச் சவ்வாலும் மாற்ற முடியாது.

கழிவு என்று திரும்பும் அந்த நீரில் என்னென்ன இருக்கிறது என்று தேடியவர்களும் உண்டு. 1,000 கிலோ கடல்நீரில் சுமார் 3 மில்லிகிராம் யுரேனியம் கரைந்திருக்கிறது. ஜப்பானின் தகாசாகி ஆராய்ச்சியாளர்கள் பாலித்தீன் துணியில் கதிர் ஒட்டுப் போட்டு, யுரேனியத்தை மட்டும் பிடிக்கும் கிளைகளை வளர்த்தார்கள். 1999 முதல் 2001 வரை, மூன்று ஆண்டுகளில் மொத்தம் 240 நாள் அளவுக்கு, 350 கிலோ துணியைக் கடலில் ஊறப்போட்டு 1 கிலோவுக்கு மேல் யுரேனியம் எடுத்தார்கள். விலை கட்டவில்லை. ஆனாலும் ஒட்டுக் கட்டிய துணி எவ்வளவு குறிபார்த்துப் பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபுளோரைடு, ஆர்சனிக், சாயக்கழிவு ஆகியவற்றைப் பிடிக்கவும் இதே வழியில் துணிகள் செய்யப்பட்டிருக்கின்றன.

வயலுக்கு எப்போது வரும்?

ஒரு விதத்தில் வந்தேவிட்டது. தன் எடையைப் போல 350 மடங்குக்கு மேல் தண்ணீர் குடித்து, வேர் கேட்கும்போது விடுகிற ‘பூசா ஹைட்ரோஜெல்’லைச் சிலர் பயன்படுத்திப் பார்த்திருப்பார்கள். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்தது, ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ. அதுவும் ஒட்டுப் பொருள்தான். வேர்ச்செடி, செடிகளின் நார்ப்பொருளான செல்லுலோஸ். அங்கே கதிருக்குப் பதில் ரசாயனத்தால் வெட்டுவாய் திறக்கிறார்கள். வியட்நாமிலும் தாய்லாந்திலும் மரவள்ளி மாவில் கதிர் ஒட்டுப் போட்டு இதே வேலையைச் செய்யும் பொருளைத் தயாரித்திருக்கிறார்கள். மரவள்ளி மாவுக்குப் பெயர்போன சேலத்தை வைத்துக்கொண்டு நாம் இதை யோசிக்காமல் இருப்பது கொஞ்சம் வருத்தம்தான்.

மல்ச்சிங் ஷீட்டுக்கு ஒட்டு வருமா என்றால், இப்போதைக்கு வராது. ஒரு பருவத்தில் சுருட்டி எறியும் ஷீட்டுக்கு அத்தனை செலவு தாங்காது. தவிர, ஒட்டுப் போட்டாலும் அடியில் இருப்பது மக்காத பாலித்தீனே. வயலில் விட்டால் மண்ணைக் கெடுப்பதில் மாற்றம் இருக்காது. நாளை யாராவது ‘ரேடியேஷன் ஷீட், மகசூல் கூடும்’ என்று கூடுதல் விலை சொன்னால், நனைத்துப் பார்க்கலாம். தண்ணீர் முத்தாக நின்றால் சாதா ஷீட். பரவினால் ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து மறுபடி நனைக்க வேண்டும். அப்போதும் பரவினால் குணம் ஓரளவு நிலைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். மகசூலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

கடற்கரையோர விவசாயிகள் ஷீட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது கிணற்று நீரின் இ.சி. அளவைத்தான். வைகாசியில் ஒரு முறை, மழை முடிந்து தையில் ஒரு முறை. வேளாண் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால், செங்கல்பட்டு மாவட்டத்தினர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பாட்டிலில் கழுத்துவரை பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.